ரிக்கற்றின் பின்பக்கம்

அக்காவோடு எந்த வாசலுக்குப் போனாலும் நான்தான் முதலில் உள்ளே நுழைந்திருப்பேன். பஸ்ஸானாலும் சரி, கந்தோரானாலும் சரி, கலியாண வீட்டுப் பந்தியானாலும் சரி, "நீர் போம், நான் வாறன்" என்று ஒதுங்கி நின்றுவிடுவார். அதைத் தாழ்மை என்று நினைத்தால் பிழை. அவருக்கு அது பழக்கம், எனக்கு அது எரிச்சல். பின்னேர உப்புவெளி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாத காலம் அது. அப்படியிருந்தும் மீன்கூடைக்காரி ஏறட்டும், பிள்ளைத்தாய்ச்சி ஏறட்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறட்டும் என்று எல்லாருக்கும் வழிவிட்டுக் கடைசியில் பஸ்ஸுக்கும் வழிவிட்டுவிடுவார். நான் மிதிபலகையில் நின்று கத்துவேன். அவர் கீழே நின்று கையை ஆட்டிச் சிரிப்பார். அடுத்தநாள் காலையில் கால் வீங்கியபடி வேலைக்கு வருவார்.

கூடப் பிறந்தவர் இல்லை, கூட வேலை செய்தவர்; அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. நாங்கள் வேலை பார்த்த இடத்தின் பெயரும் வேண்டாம். திருகோணமலையில் துறைமுகம் தெரிகிற ஒரு மேல்மாடி, அதில் ஒரு தொலைபேசி நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்ச் என்போம். வெள்ளைக்காரன் தன் கடற்படையைக் கட்டிக்கொண்டு போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. இன்றைக்குப் போல் வீட்டிலிருந்து இலக்கத்தைச் சுழற்றினால் கொழும்பு வந்துவிடாது. எங்களைக் கூப்பிட வேண்டும். நாங்கள் ஒரு கயிற்றை எடுத்து ஒரு துளையில் செருகினால்தான் இரண்டு பேர் கதைக்கலாம். வெளியூர் அழைப்பு, கோல் என்போம், அதற்கு ஒரு ரிக்கற் உண்டு. கையளவு மஞ்சள் தாள். எங்கிருந்து, யாருக்கு, எத்தனை மணிக்குக் கேட்டார்கள் என்று அதில் எழுதி வரிசையில் வைப்போம். கொழும்புக்கு லைன் கிடைக்கிறபோது ஒவ்வொன்றாக எடுத்து இணைப்போம். லைன் கிடைக்க ஒரு மணித்தியாலமும் ஆகும், நாலு மணித்தியாலமும் ஆகும். ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். காத்திருக்கத்தான் வேண்டும் என்று சனம் பழகியிருந்தது.

அக்கா பதிவு மேசை. ரிக்கற் எழுதுவது அவர். எழுதி என் பக்கம் தள்ளுவார். கயிறு என் கையில். நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது, அவருக்கு முப்பத்தைந்து இருக்கும். நிரந்தரமானவர், பத்து வருட சேவை, அடுத்த மேற்பார்வையாளர் அவர்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் தற்காலிகம். அப்பா செத்து எட்டு மாதம், வீட்டில் எனக்குக் கீழே இரண்டு தங்கச்சிமார். அந்தத் தற்காலிகம் நிரந்தரமாக வேண்டுமே என்று கோணேசர் கோயில் படி முழுக்க வேண்டிக்கொண்டு ஏறி இறங்கிய பிள்ளை நான்.

முதல் கிழமையே தடுமாற்றம். பிழையான துளையில் கயிற்றைச் செருகி, ஒரு கப்பல் ஏஜென்ரையும் ஒரு பாண்பேக்கரிக்காரரையும் பேசவைத்துவிட்டேன். இருவரும் ஒருவரையொருவர் ஏசினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் அடங்கியதும் அக்கா யன்னலுக்கு வெளியே விரலைக் காட்டினார்.

"அந்தக் கப்பலின்ர பேர் தெரியுதோ?"

"ஓம்."

"அதுக்குள்ள எத்தினை சின்னச் சொல்லு இருக்கெண்டு தேடிப் பாரும். அழுகை நிக்கும்."

அப்படித்தான் அந்த விளையாட்டு எனக்குப் பழகியது. கப்பலின் முகப்பில் எழுதியிருக்கும் ஆங்கிலப் பெயரை எடுத்துக்கொள்வது, அதன் எழுத்துகளை மட்டும் மாற்றி மாற்றி வைத்துச் சொல் பிடிப்பது. ஏ, ஈ, ரீ (A, E, T) என்ற மூன்றும் கிடைத்துவிட்டால் போதும். ஒரு விதமாக வைத்தால் தேநீர். மாற்றி வைத்தால் தின். இன்னொருக்கால் மாற்றினால் தின்றான். பக்கத்தில் ஓர் எஸ் நின்றால் கடலும் வரும், கதிரையும் வரும். எனக்குப் புல்லரித்துப் போனது. எட்டாம் வகுப்புவரை இங்கிலிசைக் கண்டால் ஓடியவள் நான். இப்போது அது என் மடியில் வந்து இருந்தது.

விளையாட்டுக்குச் சட்டம் உண்டு. மூன்று எழுத்து அல்லது நாலு எழுத்து, அதற்கு மேல் வேண்டாம். பெயரில் ஒருதரம் வந்த எழுத்தை ஒருதரம்தான் பாவிக்கலாம். எஸ் போட்டுப் பன்மையாக்கினால் கள்ளம். பழுதான ரிக்கற்றுகளின் வெறும் பின்பக்கத்தில், அச்சடித்தது போலப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். எழுதியதை இரண்டு மேசைக்கும் நடுவே இருக்கும் இழுப்புப்பெட்டிக்குள், லாச்சிக்குள், போட்டுவிட வேண்டும், மற்றவர் பார்க்கக்கூடாது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்வரைதான் ஆட்டம். அது ஊதி நங்கூரம் தூக்கி துறைமுக வாயைத் தாண்டிவிட்டால் பென்சிலை வைத்துவிட வேண்டும். பிறகு லாச்சியைத் திறந்து எண்ணுவோம். சில கப்பல் இரண்டு நாள் நிற்கும். தேயிலைப் பெட்டி ஏற்ற வந்தது என்றால் ஒரு கிழமையும் நிற்கும். அப்போது கொண்டாட்டம்தான்.

இதெல்லாம் அவர் அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா வெள்ளைக்காரனுடைய கப்பல் திருத்தும் துறையில் வேலை பார்த்தவர். பின்னேரம் வீட்டுக்கு வரும்போது மிட்டாய் கொண்டுவருவதில்லை, ஒரு கப்பலின் பெயரைக் கொண்டுவருவாராம். அக்காவும் தங்கச்சியும் குசினி நிலத்தில் கரிக்கட்டியால் எழுதி அதை உடைத்து உடைத்துப் பார்ப்பார்களாம். வெள்ளைக்காரன் போனபோது அப்பாவின் வேலையும் போனது. பிறகு ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையில் விழுந்தார். அக்கா வேலை முடிந்து போனதும் முதலில் கேட்பது, "இண்டைக்கு என்ன கப்பல் மகள்?" என்பதுதானாம்.

எண்ணும்போது எப்போதும் நான்தான் முதல் வாசிப்பேன். "நீர் சொல்லும், நான் கேக்கிறன்" என்பார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டுவார். கடைசியில், "எனக்கு நீர் சொன்னதைவிட ரெண்டு குறைவு" என்பார். அல்லது மூன்று குறைவு. நானும் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். வீட்டில் தங்கச்சிமாரிடம், பத்து வருடம் வேலை செய்த ஆளை இங்கிலிசில் வெல்கிறேன் என்று புழுகியிருக்கிறேன். என்னை நினைத்தால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் அவர் தேநீர் குடிக்கப் போன நேரம் அவருடைய தாளைப் பார்த்துவிட்டேன். எனக்கு இருபத்தெட்டுச் சொல். அவர் தனக்கு இருபத்தாறு என்று சொல்லியிருந்தார். தாளில் நாற்பத்தொன்று இருந்தது.

திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டேன். "என்னக்கா இது? என்னைப் பேய்க்காட்டிறியளோ?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது, ஏதோ களவு எடுத்துப் பிடிபட்டவர் போல. "இல்லையப்பா. நீர் சந்தோசமாச் சொல்லிக்கொண்டு வந்தனீர். நடுவில ஏன் மறிப்பான்?"

"அப்ப இவ்வளவு நாளும்?"

"கொஞ்சம் பொறுத்தால் நீரே கண்டுபிடிப்பீர் எண்டு பாத்தனான்."

இதுதான் அவர். மற்றவர் வாய்க்கு வரவேண்டியதைத் தான் எடுத்துக் கொடுக்க மாட்டார். காத்திருப்பார். வந்தால் சந்தோசம், வராவிட்டாலும் பேசாமல் இருப்பார். இது நல்ல குணம் என்று நீங்கள் நினைக்கலாம். பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும், அதனால் அவர் இழந்தவை எத்தனை என்று.

சுங்கக் கந்தோரில் ஒருவர் இருந்தார். தினமும் காலை பத்து மணிக்கு எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு நேரம் கேட்பார். சுங்கக் கந்தோர்ச் சுவரில் வண்டிச்சில்லு அளவு மணிக்கூடு தொங்குகிறது, அது ஊருக்கே தெரியும். அக்காவின் குரல் என்றால் நேரம் கேட்டுவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் லைனில் நிற்பார். என் குரல் என்றால் உடனே வைத்துவிடுவார். நான் சேர முன்னமே தொடங்கி இப்படி நாலு வருடம். நான் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் சொன்னேன், "அந்த மனுசனுக்கு வாய் வராது அக்கா. நீங்களாவது ஒரு கதை கேளுங்கோவன்."

"அவர் சொல்லட்டும்."

"அவர் சொல்லாட்டி?"

"அவர் சொல்லவேண்டியதை நான் எடுத்துக் குடுத்தால் அது என்ர சொல்லாப் போயிடும். அவரின்ர சொல்லா இராது."

அவர் கடைசிவரை சொல்லவில்லை. மட்டக்களப்புக்கு மாற்றலாகிப் போய் அங்கேயே கலியாணம் கட்டிவிட்டார். அந்தச் சேதி வந்த நாள் பத்து மணிக்கு அக்கா ஒருதரம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு அடுத்த ரிக்கற்றை எழுதினார். எனக்குத்தான் நெஞ்சு பொறுக்கவில்லை. அந்த மனுசனையும் ஏசினேன், அவரையும் ஏசினேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். எவ்வளவு நேரம்தான் பஸ்ஸையும் சுங்கத்தையும் சொல்லித் தப்பலாம்.

நீளமான பெயருள்ள கப்பல் ஒன்று ஐந்து நாளாகச் சீனன்குடாப் பக்கம் நின்றது. பெயர் நிறைய நல்ல எழுத்துகள். நான் அக்காவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன், இந்த முறை ஒளிக்கக்கூடாது, உள்ளதை உள்ளபடி எண்ண வேண்டும் என்று. விட்டுக்கொடுத்து வந்த வெற்றி எனக்கு வேண்டாம், அவரை மெய்யாகவே வெல்ல வேண்டும் என்று ஒரு விசர் பிடித்திருந்தது. சாப்பிடும்போதும் எழுத்து, பஸ்ஸில் தொங்கும்போதும் எழுத்து. ஐந்தாம் நாள் மத்தியானம் கப்பல் ஊதியது. இன்னும் அரை மணித்தியாலத்தில் நங்கூரம் தூக்கிவிடும்.

அந்த நேரம் மூதூர்த் தபால்கந்தோரிலிருந்து ஒரு கோல் பதிவானது. கொழும்பில் ஒரு புடைவைக் கடை, அங்கே வேலை செய்யும் ஒருவருக்கு. அக்கா எழுதி என் பக்கம் தள்ளும்போது, "கொஞ்சம் பாத்துக் குடும். தாய் மௌத்தாம், செத்துப்போனாவாம். தமையன்தான் பேசப்போறார்" என்றார். நானும் ஓம் என்றேன். ரிக்கற்றைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து என் மண்டைக்குள் இரண்டு சொற்கள் வந்து விழுந்தன. வெறும் தாள் பக்கத்தில் இல்லை. எழுந்துபோய் எடுத்து வருவதற்குள் மறந்துவிடும் என்ற பயம். கையில் இருந்த தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் இரண்டையும் எழுதினேன். மூன்றாவதும் வந்தது, அதையும் எழுதினேன். எழுதியதும் கை தன் பழக்கத்துக்கு லாச்சியைத் திறந்து உள்ளே போட்டு மூடிவிட்டது.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த ரிக்கற் என் கண்ணில் இல்லை, ஆகவே மனதிலும் இல்லை. கப்பல் போனது. பின்னேரம் கோல்கள் குவிந்தன, லாச்சியைத் திறந்து எண்ண நேரம் இருக்கவில்லை. நாலு மணிபோல மூதூர்த் தபாலதிபர் கூப்பிட்டார். "மிஸ், எங்கட கொழும்புக் கோல் என்ன மாதிரி? ஆள் இங்க வாங்கில குந்தியிருக்கிறார்." அக்கா கைகழுவப் போயிருந்தார். நான் வரிசையைப் பார்க்கக்கூட இல்லை. "லைன் பிசி சேர், வரும்" என்றேன். ஒரு நாளைக்கு ஐம்பது பேருக்குச் சொல்கிற மறுமொழி அது. வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

அந்தக் கோல் போயிருந்தால் தம்பி இரவுத் தபால் ரயிலைப் பிடித்திருப்பார். விடிய இங்கே இறங்கி முதல் லோஞ்சில் கடல் தாண்டி மூதூருக்குப் போயிருப்பார். முஸ்லிம் வீடுகளில் ஜனாஸாவை அடக்காமல் வைத்துக்கொண்டிருப்பதில்லை. அவர் வருவார் என்று நம்பித்தான் காலை பத்து மணிவரை வைத்திருந்தார்களாம். தபால்கந்தோர் மூடுகிற நேரத்தில் தமையன் ஒரு தந்தியும் அடித்திருக்கிறார். அது தம்பியின் கையில் கிடைத்தது அடுத்தநாள் காலையில், இங்கே தாயை அடக்குகிற நேரத்தில்.

அடுத்த நாள் எங்கள் இருவருக்கும் ஓய்வு. அதற்கு மறுநாள் காலை நாங்கள் வேலைக்கு வந்து கதிரையில் இருக்கவும் படியில் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. இரண்டு ஆண்கள். தம்பி ரயிலால் இறங்கியபடி, கையில் பை. தமையன் அவரைக் கூட்டிப்போக லோஞ்சில் வந்தவர். ஸ்ரேசனிலேயே சண்டை தொடங்கியிருக்கிறது.

"வேணுமெண்டுதான் எனக்குச் சொல்லாம உட்ட நீங்க. வளவுக் காணிப் பிரச்சினைய மனசில வச்சிக்கிட்டு உம்மாட முகத்தக் காட்டாம அடக்கிட்டீங்க."

"அல்லாமேல ஆணை தம்பி, நான் கோல் போட்டன். அஞ்சு மணிவரைக்கும் அந்த வாங்கிலதான் கிடந்தன். இந்தா, இவங்களக் கேளு."

தமையன் தபாலதிபரிடம் எழுதிவாங்கி வந்த துண்டை நீட்டினார். எங்கள் மேற்பார்வையாளர், சுப்பவைசர் என்போம், அதைப் பார்த்துவிட்டு அன்றைய ரிக்கற் கட்டைப் பிரித்தார். மூதூர் இல்லை. மறுபடியும் பார்த்தார். இல்லை. அப்போதுதான் எனக்கு அந்த ரிக்கற் நினைவுக்கு வந்தது. எனக்கு முன்னமே அக்காவுக்கு விளங்கிவிட்டது. லாச்சியைத் திறந்தார். நாலைந்து தாள்களைப் புரட்டினார். ஒன்றை எடுத்தார். முன்பக்கம் அவருடைய கையெழுத்து. பின்பக்கத்தைத் திருப்பி என்னுடைய மூன்று சொற்களையும் பார்த்தார்.

பிறகு என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில் கோபம் இல்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை அது. நான் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போது பார்த்துக்கொண்டிருப்பாரே, அதே பார்வை. எனக்கு நேரம் தந்தார். சுப்பவைசர் தாளை அவர் கையிலிருந்து வாங்கி, "இது ஆரின்ர வேலை?" என்று கேட்டார். அதற்குப் பிறகும் அக்கா காத்திருந்தார். நான் என் முன்னால் இருந்த துளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நிரந்தரக் கடிதம் அடுத்த மாதம் வரவேண்டியது. தங்கச்சிமாரின் முகம் வந்தது. சொல்லவேண்டியது ஒரேயொரு சொல்தான், 'நான்'.

"நான்தான் சேர்" என்றார் அக்கா. "பதிஞ்சதும் நான், எழுதினதும் நான். விளையாட்டுப் புத்தி."

எனக்குத் தெரிந்து அவர் மற்றவரை முந்திக்கொண்டு ஒன்றைச் சொன்னது அந்த ஒருமுறைதான்.

தம்பிக்காரர் சத்தம் போடவில்லை. சுப்பவைசரின் கையிலிருந்த தாளை வாங்கி முன்பக்கமும் பின்பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேசையில் வைத்துவிட்டுத் தமையனின் தோளைப் பிடித்துக்கொண்டு விம்மினார். இருவரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். நான் அந்த நேரமும் கயிற்றைச் செருகிக்கொண்டிருந்தேன். "நம்பர் பிளீஸ்" என்று சொன்னேன். என் குரல் நடுங்கக்கூட இல்லை. அதை என்னால் மறக்க ஏலாது.

விசாரணைக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அக்கா அவரிடமும் அதையே சொன்னார். பெரிய எழுத்தில் எழுதியிருந்ததால் யாருடைய கை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மேற்பார்வையாளர் பதவி போனது. தண்டனை மாற்றம், தீவின் நடுவே ஒரு வரண்ட ஊருக்கு. ஓர் ஆள் மட்டும் இருக்கும் சின்ன எக்ஸ்சேஞ்ச். கடலே இல்லை. அப்பாவைக் கதிரையோடு தூக்கி லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். வழியனுப்ப நான் போனேன். போய் என்ன செய்தேன்? பானை சட்டி கட்டினேன். அக்கா, நான் போய் உண்மையைச் சொல்லட்டோ என்று கேட்க நூறுதரம் வாயெடுத்தேன். கேட்டிருந்தால் அவர் வேண்டாம் என்பார், நானும் சரி என்பேன், அது எனக்குத் தெரியும். அந்த 'வேண்டாம்' என்பதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. லொறி வெளிக்கிட்டது. அப்பாதான் என்னைப் பார்த்து, "அங்க கப்பல் வராதாமே பிள்ளை" என்றார்.

அடுத்த மாதம் எனக்கு நிரந்தரக் கடிதம் வந்தது. பல வருடம் கழித்து அக்காவுக்கு என்று எல்லாரும் சொன்ன அந்த மேற்பார்வையாளர் கதிரையிலும் நான்தான் இருந்தேன். தங்கச்சிமாருக்குக் கலியாணம் செய்து வைத்தேன். எனக்குக் கீழே வந்த பிள்ளைகள் சின்னப் பிழை விட்டாலும் எரிந்து விழுவேன். பொல்லாத மனுசி என்று பெயர். லாச்சியில் ஒரு தாள் துண்டு கிடந்தாலும் கிழித்துப் போட்டுவிடுவேன். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

அதன் பிறகு அக்காவைக் கண்டது ஒரேயொரு தடவை, கல்லோயாச் சந்தி ஸ்ரேசனில். எனக்குத் திருகோணமலை ரயில், அவருக்கு மறுபக்கம். தலை முழுக்க நரைத்திருந்தது. அப்பா போய்ச் சேர்ந்து கனகாலம் என்றார். வாங்கில் இருந்தோம். நான் அரிசி விலை கதைத்தேன், மழை கதைத்தேன், தங்கச்சியின் பிள்ளைகளைக் கதைத்தேன். அவர் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கதை எல்லாம் முடிந்துபோய் ஒன்றும் மிஞ்சாத நிலையில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்கா, அண்டைக்கு நான் சொல்லியிருக்க வேணும்."

"ஓம்" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. "சொல்லுவீர் எண்டுதான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"பிறகேன் நீங்கள்…"

"உமக்கு வேலை போயிருக்கும். எனக்கு ஊர்தானே போனது." பையை மடியில் எடுத்து வைத்தார். "அந்த ஊருக்குப் போக முந்தி நான் மூதூருக்குப் போனனான், தெரியுமோ?"

எனக்குத் தெரியாது.

தம்பிக்காரர் நாற்பதாம் நாள் கத்தம் ஓதும்வரை ஊரில் நின்றாராம். அக்கா லோஞ்ச் எடுத்துத் தனியாகப் போய் வீடு தேடிப் பிடித்திருக்கிறார். வாசலில் பெண்கள் முறைத்தார்களாம். தம்பிக்காரர் வந்து உள்ளே கூப்பிட்டு இருத்தித் தேநீரும் கொடுத்திருக்கிறார்.

"நான் மன்னிப்புக் கேட்டன். அவர் அதுக்கு ஒண்டும் சொல்லேல்லை. மிஸ், ஒரு விசயம் கேக்கட்டா எண்டார். அந்தத் தாளுட பின்பக்கத்தில இங்கிலிசில என்னமோ எழுதியிருந்தது, எனக்கு இங்கிலிசு தெரியாது, அது எங்கட உம்மாவப் பத்தினதா எண்டு கேட்டார்."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"இல்லை எண்டன். கப்பல் பேரில பிடிச்ச சின்னச் சொல்லு எண்டன். என்ன சொல்லு எண்டார். மூண்டையும் சொன்னன், கருத்தும் சொன்னன். கேட்டுக்கொண்டிருந்திட்டு, இதுகளுக்கும் அந்தக் கோலுக்கும் என்ன சம்பந்தம் எண்டார். ஒண்டுமில்லை எண்டன். அப்ப ஏன் மிஸ் அந்த நேரத்தில எழுதினீங்க எண்டு கேட்டார். கோபமாக் கேக்கேல்லை. அறியிறதுக்குக் கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"அதுக்கு நான் என்னத்தைச் சொல்ல?" என்றார் அக்கா. "எழுதினது நான் இல்லையே."

தூரத்தில் ரயில் ஊதியது. அவருடைய ரயில். அவர் எழும்பவில்லை.

"ஆள் இப்ப கொழும்பை விட்டிட்டார். மூதூரிலதான், ஜெற்றிக்குக் கிட்டப் புடைவைக் கடை. கேட்டால் ஆரும் காட்டுவினம். தமையனோட நல்லா இருக்கிறார். ஆனால் அந்த மறுமொழி மட்டும் அவருக்கு இன்னும் கிடைக்கேல்லை. அது உம்மிட்டத்தான் இருக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் வந்து நின்றது. சனம் ஏறியது. அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போறன் அக்கா" என்றேன். "கட்டாயம் போய்ச் சொல்லுறன்."

அவர் அதை நம்பினார். முகம் மலர்ந்து என் கையைப் பிடித்து அமத்திவிட்டு, கடைசி ஆளாக ரயிலில் ஏறினார்.

அது நடந்து ஐந்து வருடம். போன மாசியில் அக்கா செத்துப்போனார் என்று அவர் தங்கச்சி கடிதம் போட்டிருந்தாள். மூதூர் லோஞ்ச் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, பின்னேரம் ஒன்று போகிறது. ஒரு மணித்தியாலப் பயணம். நான் இன்னும் போகவில்லை.